பொதுப்பட்டறையின் சாவி

செருப்ப வாசல்லயே விட்டுட்டு வாங்க தம்பி. ஆபீசரா இருந்தாலும் சட்டம் ஒண்ணுதானுங்க. போன வருசம் உங்க பெரிய ஆபீசரு வந்தப்ப அவரு ஷூவையே கழட்ட வச்சவன் நானு. அவரு கோவிச்சுக்கல. சுத்திப் பாத்துப்போட்டு, "பட்டறையா இது, பூஜை ரூமாட்ட வச்சிருக்கீங்களே"ன்னாரு. அப்படிச் சொன்ன அதே மனுசன்தான் இப்ப மெஷினெல்லாம் லாரில ஏத்தி வேற எடத்துக்கு அனுப்புன்னு உங்களத் தாட்டி விட்டிருக்காரு.

ஏத்துங்க. யாரு வேண்டாங்கிறா? ஆனா லாரி இப்ப வராது. இன்னைக்கு மூலனூர்ச் சந்தை. முருங்கக்கா மூட்டை ஏத்தற வண்டியெல்லாம் ரோட்ட அடைச்சுட்டு நிக்கும். சித்த உக்காருங்க. அந்தக் கண்ணாடி வழியா பாருங்க, மெஷினெல்லாம் தெரியும். லேத்து, டிரில்லிங் மெஷினு, வெட்டற மெஷினு, பிளாஸ்டிக்க உருக்கி உருவம் போடற மெஷினு. ஹாலு பூட்டியிருக்குது. சாவி என்ற அரணாக்கயித்துல இருக்குது. குடுக்கறதா வேண்டாமான்னு நான் இன்னும் முடிவு பண்ணல. அதையும் சொல்லிப்போடறேன். அப்பறம் ஏமாத்திட்டாருன்னு சொல்லப்படாது.

நான் யாருன்னு உங்களுக்குச் சொன்னாங்களா? சொல்லியிருக்க மாட்டாங்க. நாச்சிமுத்து. தாராபுரம் ரோட்டுல ஒரு நூல் மில்லு இருந்துச்சுங்க, அதுல ஸ்டோர் கீப்பரு. மீசை மொளச்சப்ப உக்காந்த நாற்காலி, மில்லப் பூட்டற அன்னைக்குத்தான் எந்திரிச்சேன். ஒரு பேரிங்கு காணோம், ஒரு பெல்ட்டு காணோம்னு ஒருத்தன் சொன்னதில்ல. மில்லு நட்டத்துல மூடுச்சு, வாஸ்தவந்தான். ஆனா கடைசியா கணக்குப் பாக்க வந்தவங்க என்ன சொன்னாங்க தெரியுமா? மில்லுல எல்லாமே போயிருச்சு, ஸ்டோரு மட்டும் ஒரு நட்டு கொறையாம இருக்குதுன்னாங்க. அந்தப் பேச்சுக்குத்தாங்க என்னைய இந்தப் பொதுப்பட்டறைக்குப் பொறுப்பாளராப் போட்டது. சம்பளத்துக்கு நான் வரல. கேட்டுப் பாருங்க யார வேண்ணாலும்.

இந்தக் கட்டடம் பழைய சொசைட்டி குடோனு. எலிதான் குடியிருந்துச்சு. நம்ம ஊர்க்காரரு ஒருத்தரு திருப்பூர்ல பனியன் கம்பெனி வச்சிருக்காரு, அவரு பாதி போட்டாரு, சர்க்காரு பாதி போட்டுச்சு. தொறப்பு விழாவுல மைக்கப் புடிச்சு என்ன பேசுனாங்கங்கறீங்க. இனிமே இந்தக் கரட்டுப்புதூருப் பசங்க விடியறதுக்கு முந்தி கம்பெனி பஸ்ஸேறித் திருப்பூருக்குப் போகவேண்டாம், யாருக்கு என்ன யோசனை இருந்தாலும் இங்க வந்து செஞ்சு பாருங்க, செஞ்சத வித்து இங்கயே பொழைங்க, மெஷினு எல்லாருக்கும் பொதுன்னாங்க. ஒரே கைதட்டு. நானுந்தான் தட்டுனேன்.

பொதுன்னா என்னங்க தம்பி? பஸ் ஸ்டேண்டுல பொதுக் கக்கூஸ் இருக்குதே, போயிருக்கீங்களா? தெருவுல பொதுக் குழாய் இருக்குதே, அதுக்குத் திருகு இருக்குதா? பொதுன்னு சொன்ன நிமிசத்துல அந்தப் பொருளுக்கு அப்பனில்ல ஆத்தாளில்லன்னு ஆயிருது. அந்தக் கதி இந்த மெஷினுக்கு வரக்கூடாதுன்னுதான் நான் ஒரு ஒழுங்கு வச்சேன். மெஷின் வந்து எறங்குன பாலித்தீன் உறைய நான் கிழிக்க விடல. வேலை செய்யற நேரத்துக்கு மட்டும் கழட்டு, முடிஞ்சதும் மாட்டுன்னேன். கை கழுவிட்டு வான்னேன். செருப்பு வேண்டாம்னேன். வெல்டிங் அடிக்கறவன் செருப்பில்லாம எப்படிங்க நிக்கறதுன்னு ஒருத்தன் கேட்டான். தீப்பொறி காலுல விழுகுமாமா. அப்ப வெல்டிங்கு வெளிய போயி அடின்னேன். வெளிய கரண்டு இல்லையேன்னான். அதுக்கு நான் என்ன பண்றது?

எல்லாத்துக்கும் மேல ஒரு சட்டம். மில்லுல பழகுன சட்டந்தான். பழசக் குடுத்தாத்தான் புதுசு. டிரில் பிட்டு வேணுமா, தேஞ்ச பிட்டக் கொண்டா. வெல்டிங் ராடு வேணுமா, எரிஞ்ச மொட்டையக் கொண்டா. அரத்தாள் வேணுமா, தேச்சுத் தேச்சு வழுக்கையான பழைய தாளக் கொண்டா. இதுல என்னங்க தப்பு? மில்லுல அத்தன பேரு அப்படித்தான் வாங்குனாங்க. ஒருத்தன் மொணகல.

இங்க வந்ததுங்க மொணகுச்சுங்க. "ஏனுங்க, நாங்க இப்பத்தானுங்க மொதமொதல்ல செய்யறோம், பழசுக்கு எங்க போறது"ன்னு கேட்டாங்க. பழசில்லாதவனுக்குப் புதுசு எதுக்குன்னு நான் கேட்டேன். ஒரு வாரம் எவனும் வரல. அப்பறம் பாத்தா வரிசையா வாரானுங்க, எல்லார் கையிலயும் பழசு. தேஞ்ச பிட்டு, ஒடஞ்ச பிளேடு, எரிஞ்ச ராடு. எனக்கு மனசு குளுந்துபோச்சு. பாரு, பழகிட்டானுங்கன்னு நெனச்சேன். கடைசில என்னன்னு தெரிஞ்சுதுன்னா, மூலனூர்ல பழைய இரும்புக்கடைக்காரன் இருக்கான்ல, அவங்கிட்டப் போயி ஒடஞ்ச பிட்டக் காசு குடுத்து வாங்கியாந்து என்ற கையில குடுத்திருக்கானுங்க. அந்த மாசத்துல இந்தப் பட்டறையால பொழச்ச ஒரே ஆளு அந்த இரும்புக்கடைக்காரன்தான். எத்தன பெரிய களவாணித்தனம் பாருங்க. அதுக்கப்பறம் பழச வாங்கறப்ப நம்ம ஸ்டோருப் பொருளுதானான்னு பூதக்கண்ணாடி வச்சுப் பாக்க வேண்டியதாப் போச்சு. இந்த வயசுல கண்ணு வலிக்க ஒக்காந்து பாத்தேனுங்க, ஊருக்காக.

எம் மேல புகாரு வந்திருக்குதுன்னு சொன்னீங்கல்ல? மச்சான் ராக்கியப்பன் வெல்டிங் செட்டத் தோட்டத்துக்குக் கொண்டுபோனாருன்னுதானே? கொண்டுபோனாரு. இல்லைங்கல. தோட்டத்துக்கு இரும்பு கேட்டு அடிச்சுப் போட்டாரு. ஆனா அது வேற விசயமுங்க. அவரு என்ற ஊட்டுக்காரியோட கூடப்பொறந்தவரு. நம்ம ஆளுகிட்ட இருந்தா அது ஸ்டோருல இருக்கற மாதிரிதான். எங்க போயிரும்? இன்னும் அவரு தோட்டத்துச் சாளை ஊட்டுலதான் பத்திரமா இருக்குது. மழைக்கு முந்திக் கொண்டாந்து போட்டுருவேன்னு சொல்லியிருக்காரு. சொன்னாச் சொன்னதுதான் அவரு.

சரி, பரிமளா விசயத்துக்கு வாரேன். அதுதானே எல்லாத்துக்கும் மூலம்.

பரிமளான்னா யாருன்னு கேக்கறீங்களா? உங்க லாரி எந்த ஷெட்டுக்குப் போகுதோ அந்த ஷெட்டுக்காரிதான். அவ ஊட்டுக்காரன் மினி ஆட்டோ ஓட்டறான். இவ முருங்கத் தழை உருவற வேலைக்குப் போயிட்டிருந்தா. இங்க முருங்கைக்கா மட்டுமில்லீங்க, தழையவும் காயவச்சுப் பொடி பண்ணி வெளிநாட்டுக்கு அனுப்பறாங்க. கொப்ப ஒடச்சுட்டு வந்து குமிச்சுருவாங்க, பொம்பளைங்க ஒக்காந்து ஈர்க்கு ஈர்க்கா உருவணும். சாயங்காலம் பாத்தா வெரலெல்லாம் பச்சை. நகக்கண்ணு வெடிச்சுப்போகும். இவ என்ன பண்ணுனா, ஒரு டால்டா டப்பாவ வெட்டித் தட்டையாக்கி, ஆணியில ஓட்டை போட்டு, ஓட்டைக்குள்ள ஈர்க்க விட்டு இழுத்திருக்கா. தழை இக்கட்டால உதிருது, ஈர்க்கு அக்கட்டால போயிருது. வேலை ஒண்ணுக்கு மூணா நடக்குது. மூளைக்காரிதான், நான் இல்லைங்கல.

அதப் பாத்துட்டுக் கரூர்ல இருந்து பொடி வாங்கற யாவாரி ஒருத்தரு, நல்லாருக்குதே அம்மிணி, ஆனா இரும்புத் தகட்டுல தழை கறுத்துப்போகும், எவர்சில்வர்ல பிசிறில்லாம ஒண்ணு செஞ்சு காட்டு, சரியா இருந்துச்சுன்னா என்ற ஷெட்டு அத்தனைக்கும் உங்கிட்டயே வாங்கிக்கறேன்னு சொல்லியிருக்காரு. ஆடி நோம்பிக்கு அடுத்த ஞாயித்துக்கிழமை வாரேன்னும் சொல்லிப்போட்டாரு. அவகூட இன்னும் நாலஞ்சு பொம்பளைங்க சேந்துக்கிட்டாங்க. ஆர்டரு வந்தா நாமளே செஞ்சு குடுக்கலாம், இனிமே நகம் வெடிக்க உருவ வேண்டியதில்லன்னு. எல்லாரும் சேந்து இங்க வந்தாங்க.

நான் தொறந்து விட்டேன். இத எழுதிக்குங்க தம்பி. நாச்சிமுத்து தொறக்கவே இல்லைன்னு ஊரெல்லாம் பேசறாங்க. நான் தொறந்து விட்டேன். அவளுக்குப் பிட்டுக் குடுத்தேன். எவர்சில்வர்ல ஓட்டை போடறது லேசுப்பட்ட வேலையா? பிட்டு சூடேறித் தேஞ்சுது. தேஞ்சதக் குடுத்தா, புதுசு குடுத்தேன். மறுபடியும் தேஞ்சுது. மறுபடியும் குடுத்தேன். சனிக்கிழமை மத்தியானம், தகடு முக்காவாசி முடிஞ்சுது. அப்ப பிட்டு ஒடஞ்சுபோச்சு.

ஒடஞ்சதத் தூக்கிட்டு ஓடியாறா. கையில பாதிதான் இருக்குது. "மீதி எங்க?"ன்னேன்.

"தகட்டுக்குள்ளயே மாட்டிக்கிச்சுங் மாமா. வேற ஒண்ணு குடுங்க, மிச்சத்தப் போட்டுர்றேன். அந்த ஓட்டைய அப்பறமாத் தட்டி எடுத்துக்கலாம்"ங்கிறா.

பாதி பிட்ட வாங்கிட்டு முழுப் பிட்டு குடுன்னா எந்த ஸ்டோருல குடுப்பாங்க? நீங்களே சொல்லுங்க. உங்க ஆபீசுல குடுப்பாங்களா? சரி, மாட்டிக்கிச்சு, வாஸ்தவந்தான், கண்ணுலயே தெரியுது. ஆனா கண்ணுல தெரியறது வேற, கையில வர்றது வேற. மீதிய எடுத்துட்டு வா, புதுசு தாரேன்னேன். அவ தட்டிப் பாத்தா, வரல. அப்படின்னாக் கரூருக்குப் போற வண்டியில தகட்டக் குடுத்து விடறேன், அங்க பட்டறையில எடுத்துக் குடுத்துருவாங்கன்னு கெளம்புனா. அங்கதான் நான் நிறுத்துனேன். தகடு உன்னுது. தாராளமாக் கொண்டுபோ. ஆனா தகட்டுக்குள்ள இருக்கறது ஸ்டோருப் பொருளு. கேட் பாஸ் இல்லாம ஸ்டோருப் பொருளு வெளிய போகக்கூடாது. கேட் பாஸ் குடுக்கோணும்னா பொருளு முழுசா இருக்கோணும். அதனால தகட்ட இங்கயே வச்சுட்டுப் போ, திங்கக்கெழம ஒரு வழி பண்ணலாம்னேன்.

"நாளைக்கு அவரு வாராருங் மாமா"ன்னா.

"வரட்டும். இங்கதான இருக்கப்போகுது, எங்க போயிரும்"னு சொல்லி உள்ள வச்சுப் பூட்டுனேன். அவ எம் மூஞ்சியவே பாத்துட்டு நின்னா.

ஞாயித்துக்கிழமை தாராபுரத்துல எங்க தங்கச்சி பேரனுக்குக் காதுகுத்து. தங்கச்சிக்குப் பொறந்த ஊட்டுச் சீரு எங்க மொறை. போகாம இருக்க முடியுமா? சாவியும் எங்கூடத்தான் வந்துச்சு. சாவிய எவங்கிட்ட விட்டுட்டுப் போறது? மெஷினு பொதுவா இருக்கலாம், சாவி பொதுவா இருக்க முடியாதுங்க. அன்னைக்கு எத்தன தடவ போன் அடிச்சாளோ. மேளச் சத்தத்துல எனக்கு எங்க கேக்கும்? கேட்டிருந்தாலும் பந்தியில சொந்தபந்தம் ஒரம்பரையெல்லாம் ஒக்காந்திருக்கறப்ப எந்திரிச்சு பஸ்ஸேறி வர முடியுமா?

கரூருக்காரரு வந்திருக்காரு. இதா, இப்ப நீங்க பாத்தீங்கல்ல, அதே கண்ணாடி வழியா உள்ள பாத்தாராம். பொம்பளைங்க எல்லாம் சுத்தி நின்னு, அதா அந்த மேசை மேல இருக்குதுங்க பாருங்கன்னு காட்டியிருக்காங்க. இத்தன மெஷின வச்சுக்கிட்டு ஒரு தகட்ட எங்கையில குடுக்க முடியலையே அம்மிணி, நாளைக்கு நான் நூறு தகடு கேட்டா எப்படிக் குடுப்பீங்கன்னு கேட்டாராம். கேட்டுப்போட்டுக் காரேறிட்டாரு. அந்த ஆர்டரு கோயமுத்தூர்ல எவனோ ஒருத்தனுக்குப் போயிருச்சு.

திங்கக்கெழம காலையில நான் வந்து பூட்டத் தொறக்கறேன், அவ நின்னுட்டிருக்கா. அப்பவும் செருப்ப வெளிய விட்டுட்டுத்தான் நிக்கறா. அழுவான்னு பாத்தேன். அழுகல. "என்ற பொழப்ப உள்ள வச்சுப் பூட்டிப்போட்டுக் காதுகுத்துக்குப் போயிட்டீங்களே மாமா"ன்னா. சத்தமாக்கூடச் சொல்லல. எனக்கு வந்துது பாருங்க கோவம். நான் யாரு பொழப்பயும் பூட்டல. நான் பூட்டுனது ஒரு தகட்ட. அந்தத் தகட்டையும் அன்னைக்கே நானே உக்காந்து, சொட்டுச் சொட்டா எண்ணெய் விட்டு, தட்டித் தட்டி அந்தப் பாதிய வெளிய எடுத்தேன். ரெண்டு பாதியயும் ஒட்ட வச்சுப் பாத்தேன். கச்சிதமா இருந்துச்சு. கணக்கு முடிஞ்சுது. தகட்டையும் குடுத்து, புதுப் பிட்டும் எடுத்து நீட்டுனேன். அவ ரெண்டையும் வாங்கல. செருப்ப மாட்டிட்டுப் போயிட்டா. இப்படி நன்றி கெட்ட சனத்த எங்கயாச்சும் பாத்திருக்கீங்களா?

அவ போனா, கூட வந்தவளுங்க போனாங்க. அப்பறம் தச்சு வேலைக்காரன் வரல. சைக்கிள்கடைப் பையன் வரல. ஒவ்வொருத்தனா நின்னுபோனான். போனாப் போங்கடான்னு நான் அன்னாடும் வந்து தொறந்து, கூட்டி, தொடச்சு, பூட்டிட்டுப் போவேன். ஒரு நாளு தவறல.

அவங்க எங்க போனாங்க தெரியுங்களா? காலியாக் கெடந்த கோழிப்பண்ணை ஷெட்டுக்கு. கருமம், உள்ள போனா இன்னும் கோழி நாத்தம் அடிக்குது. ஆளுக்கொரு ஓட்டை மெஷினக் கொண்டாந்து போட்டிருக்காங்க. ஒருத்தன் அப்பன் காலத்து டிரில்லிங் மெஷினு, ஒருத்தன் திருப்பூர்ல ஏலத்துல எடுத்த லேத்து. சாமானெல்லாம் செவுத்துல தொங்குது, எவன் வேண்ணா எடுக்கறான், எவன் வேண்ணா வைக்கறான். கதவே இல்லீங்க. கோழிவலைதான். நான் ஒரு நாளு பாக்கப் போனேன். எல்லாம் களவு போயிருக்கும், பாத்துட்டு வரலாம்னுதான் போனேன், மறைப்பானேன். போயிப் பாத்தா வாசல்ல டிவிஎஸ் வண்டியா நிக்குது, உள்ள காலு வைக்க எடமில்ல. அந்தப் பரிமளா தகட்டுக்கு மரச் சட்டம் போட்டு, சட்டத்துக்குக் காலு வச்சு, நின்னுட்டே உருவற மாதிரி பண்ணிப்போட்டா. கரூருக்காரன் இல்லைன்னா என்ன, திண்டுக்கல்லுக்காரன் வாங்கறான். அதப் பாத்து எனக்கு வயிறு எரிஞ்சுதுன்னு ஊருல பேசறாங்க. எரியல. ஒரு கதவு இல்லாம இத்தன சாமான வச்சிருக்காங்களேங்கற பதைப்புத்தான்.

அங்க மூலையில கண்ணாடி மாட்டிக்கிட்டு ஒருத்தன் வெல்டிங் அடிச்சுட்டிருந்தான். காலுல ஷூ போட்டிருந்தான். கண்ணாடியக் கழட்டுன பொறகுதான் தெரிஞ்சுது. என்ற மகன் பூபதி.

அவன் கதையச் சொல்லிர்றேன். ஐடிஐ படிச்சவன். கரூர்ல பஸ்ஸுக்குக் கூடு கட்டற எடத்துல இருந்தான், அங்க வேலை போயிருச்சு. பட்டறை தொறந்த புதுசுல எங்கிட்ட வந்து, "அப்பா, லேத்துல ஒரு வேலை பாத்துக்கட்டுமா, மோட்டாருக்குப் புஷ் வளையம் கடைஞ்சு குடுத்தா இங்கயே பொழச்சுக்குவேன்"னான். முடியாதுன்னேன். ஊரு என்ன சொல்லும்? ஸ்டோர்க்காரன் மகனுக்கு மட்டும் தொறந்து விட்டான்னு சொல்லாதா? ராக்கியப்பன் விசயம் வேற, அத இதோட சேக்காதீங்க. மகன்னா அது நாமளே எடுத்துக்கற மாதிரிங்க. அவன் மறுநாளே கம்பெனி பஸ்ஸேறித் திருப்பூருக்குப் போயிட்டான். பனியன் கம்பெனிப் பஞ்செல்லாம் மூச்சுல ஏறி இருமிக்கிட்டே கெடந்தான்னு ஊட்டுக்காரி வெசனப்பட்டா. இப்பத் திரும்பி வந்தவன் எங்கிட்ட வரல, நேரா பரிமளாகிட்டப் போயிட்டான். ஒரே ஊட்டுலதாங்க இருக்கறோம். அவன் சாப்பிட்டு எந்திரிச்ச பொறகுதான் நான் ஒக்காருவேன். அவன்தான் அப்படி வச்சுக்கிட்டான், நானில்ல.

நீங்க வந்ததும் ஒரு வார்த்தை சொன்னீங்கல்ல தம்பி, அது ஒண்ணுதான் இந்த ஆறு மாசத்துல நான் கேட்ட நல்ல வார்த்தை. மெஷினு எங்க போகுதோ பொறுப்பாளரும் அங்க போகோணும், ஆர்டர்லயே அப்படித்தான் போட்டிருக்குதுன்னீங்க. சட்டம்னா அதுதாங்க சட்டம். அப்படின்னா நான் போறேன். மனசு வரலதான், ஆனாப் போறேன். போன மொத நாளே கோழிவலையப் பிச்செறிஞ்சுபோட்டு இரும்புக் கதவு மாட்டறேன். செவுத்துல தொங்கற சாமானெல்லாம் எறக்கிப் பொட்டியில போட்டு நம்பரு ஒட்டறேன். பூபதி மொதல்ல மொறைப்பான். அப்பறம் சரியாப் போயிருவான். ஒரே எடத்துல நாளு முழுக்க இருந்தா அப்பனும் மகனும் எத்தன நாளைக்குப் பேசாம இருக்கறது? எப்படியும் ஒரு பிட்டு கேட்டாச்சும் எங்கிட்ட வந்துதானே ஆகணும்? அதனாலதான் சாவியக் குடுக்கலாமான்னு ஒரு ரோசனை ஓடிட்டிருக்குது. மத்தபடி உங்க ஆர்டருக்குப் பயந்து இல்ல.

உங்க போன்தாங்க அடிக்குது. எடுங்க, எடுங்க. லாரிக்காரனா இருக்கும்.

யாரு, பரிமளாவா? என்னங்கிறா? லாரி இங்க வராம நேரா அங்க போயிருச்சாமா? அப்பறம் என்ன, இங்க அனுப்பச் சொல்லுங்க.

ஏனுங் தம்பி, எதுக்கு அக்கட்டால போறீங்க? இங்கயே பேசுங்க. நம்ம சனம் போன்ல பேசுனா அடுத்த ஊருக்கே கேக்கும், நீங்க தள்ளிப் போயி ஒண்ணும் ஆகப்போறதில்ல. என்ன வேண்டாங்கிறா? மெஷின் வேண்டாங்கிறாளா? காலியா லாரியத் திருப்பி அனுப்பறாளா?

இருங்க. அது பரிமளா குரலில்ல. அது பூபதி. போன அவன் வாங்கிட்டான்.

கேட்டுருச்சுங்க. நீங்க போனக் கைய வச்சு மூடுனாலும் கேட்டுருச்சு. "எங்கப்பா வர்றதா இருந்தா மெஷினே வேண்டாம் சார், இருக்கறத வச்சு நாங்க பாத்துக்கறோம்"ங்கிறான். பெத்தவன்தாங்க நானு. அவன் கொரல எனக்குத் தெரியாதா?

நீங்க எதுக்குங்க தலையக் குனியறீங்க? நீங்க என்ன பண்ணுனீங்க?

அவனுக்கு என்ன கொழுப்பு பாத்தீங்களா? எப்படிங்க வேண்டாம்னு சொல்லலாம்? ஜெர்மனில இருந்து வந்த லேத்துங்க அது. அவன் கையில வச்சிருக்கறது ஏலத்துல எடுத்த ஓட்டை. அந்த ஓட்டைய வச்சு அவன் புஷ் கடைஞ்சா எத்தன நாளைக்கு நிக்கும்? இந்த லேத்துக்கு என்ன கொறை? ஒரு கீறல் காட்டுங்க பாக்கலாம். மெஷினு யாருக்கு என்ன பாவம் பண்ணுச்சு? வேண்டாமாம். ஆச வச்சுக் கேட்டவன்தானே அவன். எங்கிட்ட வந்து நின்னு, இந்த லேத்துல ஒரு வேலை பாத்துக்கட்டுமான்னு, அன்னைக்கு அவந்தான கேட்டான்.

போன வைக்காதீங்க. வச்சுட்டானா? திருப்பிக் கூப்பிடுங்க. கூப்பிடுங்கன்னு சொல்றேன்ல தம்பி. ஆர்டர்ல என்ன வேணா போட்டிருக்கட்டும், நான் கேக்கறனா உங்க ஆர்டர? இந்தாங்க. கயித்துல முடிச்சு எறுகிக் கெடக்குது, இருங்க, வரமாட்டேங்குது, அந்தக் கத்திரியக் குடுங்க. ம். புடிங்க, ஹாலுச் சாவி இது. லாரிய இங்க அனுப்பச் சொல்லுங்க.

மணி அடிக்குதா? எடுத்துட்டானா? சொல்லுங்க அவங்கிட்ட. மெஷினு மட்டுந்தான் வருது. அவங்கப்பன் வரலையாம்னு சொல்லுங்க.